கொடி இறங்குகிற வரைக்கும்

கொசுக்குட்டி, உன் சேதி வந்தபோது நான் ஆப்பச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தேன். "வூட்டுக்குப் போய் குளிச்சிட்டு வா யக்கா" என்று நீயே விரட்டியதால்தான் வந்தேன். விடிந்ததும் கப்பலில் உன் கையைப் பார்த்துப் பாரம் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிற தங்கராசு சந்து முனையில் வந்து நின்றான். "இன்னாடா?" என்றேன். அவன் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கையைத் தரைக்குக் காட்டி, மெதுவாகக் கீழே கொண்டுவந்தான். உங்கள் கப்பல் வேலையில் அதற்கு 'இறக்கு' என்று அர்த்தம். நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய். அதனால் அவன் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆறடி ஆளுக்குக் கொசுக்குட்டி என்று ஒரு பேரா என்று இதைப் படிக்கிற தெருக்காரர்கள் நீங்கள் சிரிப்பீர்கள். உங்களுக்கெல்லாம் என் தம்பி சிக்னல் சவுரி. மாதா கோயில் பதிவில் சவரிமுத்து. பிறந்தபோது ஒரு பிடிகூட இல்லை, காதோரம் ஙொய் என்று அழுதுகொண்டே இருப்பான். அப்போது நான் வைத்த பேர் அது. அவனுடைய முப்பதாம் நாள் பூசைக்குக் கோயில் தாளில் நாலு வரி எழுதித் தரச் சொன்னார் பங்குச் சாமி. முதலில் செசிலியிடம்தான் போனேன், அவன் பெண்சாதி அவள். "நீங்களே எழுதுங்க அண்ணி. நான் எழுதுனா அந்தாளத் திட்டித்தான் எழுதுவேன்" என்றாள். அவள் திட்டட்டும், அவளுக்கு அந்தப் பாத்தியதை உண்டு. நான் அஞ்சாவதோடு நின்றவள். நாலு வரியில் சொல்லி முடிக்க எனக்குத் தெரியவில்லை.

துறைமுகத்தில் அவன் வேலை என்னவென்று தெருப் பெண்கள் பல பேருக்குத் தெரியாது. கப்பலின் சரக்குக் கிடங்கு வாயின் விளிம்போரம் நிற்பான். விஞ்ச் ஓட்டுகிறவனுக்குக் கீழே கிடங்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவன் பார்ப்பது சவுரியின் கையை மட்டும்தான். கை சுழன்றால் பாரம் ஏறும். உள்ளங்கை தாழ்ந்தால் இறங்கும். கையை உயர்த்தி விரித்துப் பிடித்தால் பாரம் அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும். கீழே நிற்கிற அத்தனை பேருடைய உயிரும் அந்த ஒரு கையில்தான் இருந்தது. "கத்தற சத்தம் கப்பல் சத்தத்துல போயிடும் யக்கா. கை போவாது" என்பான்.

ஒரு தடவை கோதுமை மூட்டைக் கட்டு பாதியில் தொங்குகிறது. கீழே ஒரு கிழவர் பிய்ந்த செருப்பைச் சரி பண்ணிக்கொண்டு குனிந்திருக்கிறார். இவன் கையை உயர்த்தி விரித்துவிட்டான். மேஸ்திரி மேலேயிருந்து கத்துகிறார்: "டேய், எறக்குடா பேமானி! கப்பல் கெளம்பணும்!" இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். கிழவர் செருப்பை மாட்டி, எழுந்து, ஓரமாகப் போய், பீடியைக் காதில் செருகுகிற வரைக்கும் கை இறங்கவில்லை. பிறகு மேஸ்திரியிடம் சொன்னானாம்: "பாரம் உன்னுது நைனா. கை என்னுது." தங்கராசு இதை எத்தனையோ கல்யாண வீட்டில் நடித்தே காட்டியிருக்கிறான்.

அந்தக் கைதான் நடுங்க ஆரம்பித்தது. கந்தகம் வந்திறங்குகிற கப்பல்களில் கண்ணும் தொண்டையும் எரியும். உள்ளே போகிறவர்கள் ஒரு மடக்கு சாராயம் போட்டுக்கொண்டு போவார்கள், தூசியை அது கழுவிவிடும் என்று. விளிம்பில் நிற்கிற இவனும் "தொண்டையக் கழுவிக்கினு வரேன்" என்று போக ஆரம்பித்தான். கந்தகம் இல்லாத நாளிலும் கழுவினான். திருட்டுச் சாராயக் காலத்திலேயே கழுவினான். பிறகு சர்க்காரே கடை திறந்துவிட்டதும் யாருக்கும் ஒளிய வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. செசிலி இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாள். அவர்கள் பெண் என் வீட்டில் சாப்பிட்டாள்.

ஒரு நாள் காலை அவன் கை நடுங்கியதில் 'நிறுத்து' எது, 'இறக்கு' எது என்று தங்கராசுக்குத் தெரியவில்லை. கட்டு இறங்கிவிட்டது. கீழே இருந்த ஒருவனுக்குக் கால் விரல்கள் போயின. அன்றைக்குத் தங்கராசு என் வாசலில் குந்திக்கொண்டு அழுதான். "உன் கை நடுங்குனா என் கை இன்னா பண்ணும் மாமு?" என்று சவுரியைக் கேட்டான். கூட்டாளிகள் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் குணமாகி வந்தால்தான் அவன் கையை நம்பிக் கிடங்கில் இறங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நம்பிக்கை போனால் அவனுக்கு வேலை மட்டுமா போகும்?

எண்ணூர் போகிற வழியில், கடலோரமாக, குடிகாரர்களைத் தங்க வைத்து வைத்தியம் செய்கிற ஒரு இல்லம் இருந்தது. ஒரு டாக்டர், ஒரு கன்னியாஸ்திரி, அவரை எல்லோரும் மதர் என்போம், நீளமான ஒரே அறை. வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். செசிலி வேலையை விட முடியாது. நான் ஆப்பக் கடையை மூடிவிட்டுப் போனேன். கூட வந்த பெண்கள் தங்க, இல்லத்துக்குப் பின்னால் ஒரு ஓலைக் கொட்டகை. அங்கே கஞ்சி வைத்துக்கொண்டு பகலில் அவனோடு இருப்பேன்.

போனதும் அவன் சட்டையைக் கழற்றி, துவைத்த வேட்டி கொடுத்து, பையையும் இடுப்பையும் தடவிப் பார்த்தார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது. ஊசி போட்டார்கள். அந்த மருந்து வாடை அவன் மூச்சிலேயே வரும், கிட்டப் போனால் என் கண் கரிக்கும். இரண்டு மூன்று நாளில் உடம்பு முழுக்க உதற ஆரம்பித்தது. கொட்டின வேர்வையில் பாய் நனைந்தது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்றான், கூரையிலிருந்து கயிறு இறங்குகிறது என்றான். என்னைப் பார்த்து, "யாருமா நீ, கப்பல்ல பொம்பளைக்கு இன்னா வேல?" என்றான். அதைக் கேட்டு நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அழுகைகூட வரவில்லை.

அடுத்த நாள் அவன் கட்டிலில் எழுந்து நின்று, கையை உயர்த்தி விரித்து, "கீழ ஆளு கீறான்! கீழ ஆளு கீறான்!" என்று கத்தினான். பிடிக்கப் போன ஆளை உதறித் தள்ளினான். அடிக்க வருகிறான் என்று நினைத்து அவனைப் படுக்க வைத்து, வெள்ளைத் துணிப் பட்டையால் மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டினார்கள். கட்டிய பிறகும் விரல்கள் விரிந்தே இருந்தன. "அடிக்க வரல மதர், அவன் பாரத்த நிறுத்திக்கினு கீறான்" என்று நான் சொன்னேன். மதருக்குப் புரியவில்லை. ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல் அப்படியே கிடந்தான். இப்படியே போனால் நெஞ்சு தாங்காது என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை தங்கராசு பார்க்க வந்தான். வாசலிலேயே நின்று பார்த்தான். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. கட்டிலின் கால்மாட்டில் போய் விஞ்ச் முன்னால் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, பிடியைத் தள்ளுகிற மாதிரி கையைத் தள்ளி, உரக்கச் சொன்னான்: "நிறுத்தியாச்சு மாமு! கீழ பாத்துட்டேன். யாரும் இல்ல. நீ எறக்கு." சவுரி அவனையே பார்த்தான். விரல்கள் மெதுவாக மடங்கின. கண்ணை மூடினான். மறுநாள் மதியம் வரைக்கும் தூங்கினான். மதர் அந்தப் பட்டையை அவிழ்த்துவிட்டார்.

தெளிந்த பிறகு அவனுக்குப் பேச்சுத் துணை பக்கத்துக் கட்டில் அண்ணாச்சி. கொருக்குப்பேட்டையில் மளிகைக் கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். "ஏலே சவரி, ராத்திரி பூரா என் தலைமேல மூட்டைய எறக்கிட்டுக் கெடந்தியே, நான் ஒனக்கு என்னல பாவம் செஞ்சேன்?" என்பார்.

"உன் கடைக்கு வந்த சரக்குதான் அண்ணாச்சி. கையெழுத்துப் போட்டு எடுத்துக்க."

"சரக்குன்னு சொல்லாதலே. அந்த வார்த்தையக் கேட்டாலே நாக்கு ஊறுது."

அந்த அறையே சிரிக்கும். சிரித்து முடித்ததும் எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். ஒரு நாள் சவுரி பூட்டைக் காட்டிச் சொன்னான்: "யக்கா, இங்க பூட்டு வெளியக் கீது, நான் நல்லாக் கீறேன். வெளிய போனா பூட்டு எனக்குள்ள இருக்கணும். அத்த யாரு செஞ்சு குடுப்பாங்க?"

டாக்டர் அதற்கு வைத்திருந்தது ஒரு மாத்திரை. அதைத் தின்றுகொண்டிருக்கிறவன் சாராயத்தைத் தொட்டால் உடம்பு தாங்காது. அது எப்படி இருக்கும் என்று நோயாளிக்கு ஒரு தடவை காட்டிவிடுவது அங்கே வழக்கம். அவன் வழக்கமாகக் குடிக்கிறதையே வீட்டு ஆள் வாங்கி வர வேண்டும். அப்படித்தான் நான் திருவொற்றியூரில் ஒரு சாராயக் கடையில் ஆண்களோடு வரிசையில் நின்றேன். "யாருக்கும்மா?" என்றான் கடைக்காரன். "ஆஸ்பத்திரிக்கு" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. "எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு யக்கா, நாங்களும் வந்து படுத்துக்கிறோம்" என்றான் ஒருவன்.

டாக்டர் நாடியைப் பிடித்துக்கொள்ள, மதர் ஒரு வாளியோடு நிற்க, என் கையால் அந்தக் குவளையைக் கொடுத்தேன். இரண்டு மடக்குதான் குடித்தான். கொஞ்ச நேரத்தில் முகமும் கழுத்தும் வெந்த நண்டு மாதிரி சிவந்துவிட்டன. கண் பிதுங்கியது. மூச்சுக்கு அலைந்தான். "நெஞ்சுக்குள்ள விஞ்ச் ஓடுது யக்கா, நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு" என்று என் கையைப் பிடித்தான். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். டாக்டர் கோபமில்லாமல் சொன்னார்: "இத மறக்காதீங்க. மாத்திரை உள்ள இருக்கிற வரைக்கும் இதுதான்."

சாயங்காலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "ஆசைய எடுக்கல யக்கா. ஆசை வாசல்ல ஒரு நாயக் கட்டி வெச்சிருக்காங்க" என்றான். வீட்டுக்குக் கிளம்பும்போது தன்னைக் கட்டிய துணிப் பட்டையை மதரிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். "இத இன்னாத்துக்குடா?" என்றேன். "தலைக்குக் கட்டிக்க" என்றான்.

வீடு வந்தது மாதா கோயில் திருவிழா முடிந்து கொடியை இறக்குகிற சமயம். ஆயுசுக்கும் குடிக்க மாட்டேன் என்று ஆண்டவன் முன்னால் சொல்லிவிடச் சொன்னார் சாமி. இவன் முழங்காலில் நின்றபடி சொன்னான்: "ஆயுசுக்கும்னா வாய்ல வர மாட்டேங்குது சாமி. சொல்லிட்டு முறிச்சா புள்ளைய வந்து அடிக்கும். அடுத்த கொடி எறங்குற வரைக்கும்னு சொல்றேன். அப்பால மறுபடியும் சொல்றேன்." நம் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தானே. கறி விட்டவன், செருப்பு விட்டவன், பீடி விட்டவன், எல்லோரும் கொடிக்குக் கொடிதான் நேர்ந்துகொள்வோம். கொடி இறங்கிய மறுநாள் காலைப் பூசையில் நேர்ச்சை எடுத்தால், அடுத்த வருஷம் கொடி இறங்குகிற சாயங்காலம் அது முடிந்துபோகும். மறுநாள் காலை திரும்ப எடுக்கலாம். நடுவில் ஒரு ராத்திரி யாருக்கும் எந்தக் கட்டும் இல்லை. கொடி இறங்கினதும் கொடிமரத்தடியிலேயே பீடி பற்ற வைக்கிறவர்களைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். அது நமக்குத் திருவிழாவின் கடைசி விளையாட்டு. சாமியும் சரி என்றார், நானும் சரி என்றேன், செசிலி மெழுகுவர்த்தி ஏற்றினாள். அந்த ஒரு ராத்திரியை நாம் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த வருஷத்தை நீங்கள் பார்த்தீர்கள். கை கல் மாதிரி நின்றது. தங்கராசு கூட்டாளிகளிடம், "கண்ண மூடிக்கினு விஞ்ச் ஓட்டுவேன், என் மாமு கீறாரு" என்று பெருமை அடித்தான். சவுரி அந்த வெள்ளைப் பட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். மகளை சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டான். சில மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டான். "மாதாவே கீறாங்க, மாத்திரை எதுக்கு?" என்றான். நாங்களும் அதைக் கேட்டுச் சந்தோஷம்தான் பட்டோம். அந்த வருஷமே சர்க்கார் கடைகளையும் மூடியது. "பாத்தியா யக்கா, எனக்கோசரம் மூடிட்டாங்க" என்று சிரித்தான்.

கடை மூடினால் குடி மூடுமா? ரயில் பாதையோரம் இருட்டு மூலைகளில் வேறு என்னென்னமோ விற்றார்கள். மரச் சாமானுக்கு மெருகு பூசுகிற வார்னிஷைக் கலக்குகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எவன் விற்பதைத் தொடலாம், எவன் விற்பதைத் தொடக்கூடாது என்று குடிக்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. நேர்ச்சையில் இருந்தவனுக்கு அது எதுவும் தெரியாது. அவன் கடைசியாகக் குடித்தது சர்க்கார் கடைச் சாராயம். நடுவில் ஒரு வருஷம் அவன் சுத்தமாக இருந்துவிட்டான்.

போன மாதம் கொடி இறக்கம். கயிறு பிடிப்பது எப்போதும் துறைமுகத்து ஆட்கள்தான், முன்னால் தங்கராசு. கீழே நின்று கை காட்டுவது சவுரி. அன்று பகலில் என் கடைக்கு வந்து, "யக்கா, காலைப் பூசைக்கு ஒரு சம்மங்கி மாலை வாங்கி வெய்யி. நேர்ச்ச எடுக்கச் சொல்ல மாதாவுக்குப் போடணும்" என்றான். இதை உங்களுக்கு நான் சொல்லியே ஆக வேண்டும். மறுபடி எடுக்க வேண்டும் என்றுதான் இருந்தான்.

சாயங்காலம் மேளம் அடித்தது. சாமி தண்ணீர் தெளித்தார். சவுரி கையை உயர்த்தினான். உயர்த்தி, விரித்துப் பிடித்தான். இறக்கவில்லை. தங்கராசு கயிற்றோடு அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். மேளக்காரர்கள் ஒரு சுற்று முடித்து இன்னொரு சுற்று ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்: "யோவ் சிக்னலு, பீடி காத்துக்கினு கீது, எறக்குய்யா!" தங்கராசும் சிரித்தான். "இன்னா மாமு, கை மாட்டிக்கிச்சா?" நானும் சிரித்தேன். அவன் எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு உள்ளங்கையைத் திருப்பி, மெதுவாக இறக்கினான். கொடி இறங்கியது. எல்லோரும் பீடி பற்ற வைத்தார்கள். நான் மாவாட்டப் போய்விட்டேன்.

காலையில் மாலையை ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். "யாரு, யக்காவா? வெளக்க ஏத்தேன், ஒரே இருட்டாக் கீது" என்றான். செசிலி என்னைப் பார்த்தாள். ரிக்ஷாவில் போகும்போது என் தோளில் சாய்ந்து, "ஒரே ஒரு ராத்திரின்னுதான் போனேன் யக்கா. கொருக்குப்பேட்டை ரயிலு பாதையாண்ட. காலைல வந்துடலாம்னு" என்றான்.

ஆஸ்பத்திரியில் அவனை மாதிரியே இன்னும் பலர் தரையில் கிடந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு. இவன் மட்டும் தன் கையைக் கண் முன்னால் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியல யக்கா. என் கையே எனக்குத் தெரியல" என்றான். சாயங்காலம் என்னை வீட்டுக்கு விரட்டினான். தங்கராசு கூட இருந்தான். மற்றது உங்களுக்குத் தெரியும்.

மாதாவுக்கு வாங்கிய மாலையைச் சவப்பெட்டியின் மேல் போட்டோம். அண்ணாச்சி வந்திருந்தார். குழி மூடுகிற வரைக்கும் நின்றார். இப்போதெல்லாம் தங்கராசு விஞ்ச் பக்கம் போவதில்லை, மூட்டை சுமக்கிறான். செசிலி இன்னும் திட்டுகிறாள். திட்டிக்கொண்டே அவன் சட்டையை மடித்து வைக்கிறாள்.

அவனைச் சேர்ந்ததில் நான் வைத்துக்கொண்டது அந்த வெள்ளைப் பட்டை ஒன்றுதான். இல்லத்தில் அவன் கையைக் கட்டியது, பிறகு ஒரு வருஷம் அவன் தலையில் இருந்தது. வேர்வைக் கறை போகவில்லை, நானும் துவைக்கவில்லை. அதை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவு வருகிறது. கட்டிலின் கால்மாட்டில் ஒருத்தன் நின்று பதில் சொன்னதும் உன் விரல் மடங்கியதே, அது.

கொசுக்குட்டி, கொடிமரத்தடியில் நீ கையை விரித்துப் பிடித்து அவ்வளவு நேரம் நின்றாயே, எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாயே, அப்போது எங்களில் யார் வந்து என்ன சொல்லுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாய்?